பெங்களூருவின் பழைய கோப்புகளைத் தேடுவது எப்படி?

1898 ஆகஸ்டில் பெங்களூருவுக்குள் பிளேக் நுழைந்தது. வீடுகள் காலியாயின; மல்லேசுவரம், பசவனகுடி என்ற புதிய குடியிருப்புகள் விரைந்து வளர்ந்தன. இதை ஆராய வருபவர் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் 'பிளேக்' என்று மட்டும் கேட்டால் போதாது. கோப்புகளைப் பிரித்து வைத்தவர்கள் அன்றைய எழுத்தர்கள். துறை, ஆண்டு, வரிசை எண் என்பதே அவர்கள் கணக்கு. ஆகவே முதல் கேள்வி இதுதான்: இந்த விஷயம் எந்த அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கும்?

அந்தக் கேள்விக்கு விடை தெரிய ஊரின் ஆட்சி வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பெங்களூருவில் அது கொஞ்சம் சிக்கலானது. 1831 முதல் 1881 வரை மைசூரை ஆங்கிலேய ஆணையர்கள் ஆண்டார்கள். பிறகு ஆட்சி மைசூர் மன்னர்களான உடையார்களிடம் திரும்பியது. ஆனால் 1809இல் தோன்றிய கன்டோன்மென்ட் என்ற படைக் குடியிருப்பு மட்டும் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடென்ட்டின் பிடியிலேயே 1947 வரை இருந்தது. தமிழர்கள் நிறைந்த அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் அந்தப் பக்கம். சிக்பேட்டை மைசூர் அரசின் பக்கம். நோய்க்கு இந்த எல்லை கிடையாது, கோப்புக்கு உண்டு! ஒரே கொள்ளைநோயைப் பற்றி இரு நிர்வாகங்கள் தனித்தனியே எழுதி வைத்தன. ரெசிடென்ட் அலுவலகக் கோப்புகளைத் தேடி டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும்.

கோப்பு கைக்கு வந்ததும் ஆணையை மட்டும் படித்துவிட்டு மூடிவிடக் கூடாது. மனு, அதன்மேல் கீழ்நிலை அலுவலர் எழுதிய குறிப்பு, மேலதிகாரியின் மறுப்பு, கடைசியில் ஆணை என்று ஒரு விவாதமே அதற்குள் அடுக்கடுக்காக இருக்கும். ஆணையில் இடம்பெறாத பயமும் சண்டையும் ஓரக்குறிப்புகளில்தான் தெரியவரும். வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் 2005இல் வெளியிட்ட பெங்களூரு வரலாற்று நூலுக்கு இத்தகைய அரசு ஆவணங்கள் பெரிதும் உதவின.

தாளைத் தொடும்போது கவனம் தேவை. பழைய இரும்பு மையின் அமிலம் எழுத்து விழுந்த இடத்தையே அரித்துவிடும். மரக்கூழில் செய்த தாள் பழுத்து நொறுங்கும். காப்பகங்களில் பேனாவைத் தவிர்த்துப் பென்சிலால் குறிப்பெடுப்பதும் இதனால்தான்: தாளில் புதுக் கறை எதுவும் படியக் கூடாது.

அல்சூர், சிவாஜிநகர்க் குடும்பங்களில் பழைய வரி ரசீதோ மனை உத்தரவோ இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணையும் ஆண்டையும் அலுவலகப் பெயரையும் குறித்துக்கொண்டு காப்பகத்துக்குப் போங்கள். அட்டவணையில் தேடத் தொடங்க அந்த மூன்றும் போதும்.