கிரெடிட் கார்டு பாக்கியை முழுசா கட்டியாச்சு. கார்டை மூடலாமா, வேண்டாமா?

கொங்கு மண்டலத்தில் கடன் தீர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. நோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தால், அதைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடுவார்கள். நகைக்கடன் என்றால் நகை வீட்டுக்கு வரும். வீட்டுக்கடன் என்றால் பத்திரம் வரும். கிரெடிட் கார்டில் மட்டும் கைக்கு எதுவும் வராது. கடைசி ரூபாய் வரை கட்டிய பிறகும் கார்டு பர்ஸிலேயே இருக்கும், அதே லிமிட்டோடு, அடுத்த செலவுக்குத் தயாராக. "பாக்கிதான் முடிஞ்சு போச்சுங்களே, இதையும் மூடிரலாமுங்களா?" என்ற கேள்வி வருவது அதனால்தான்.

அடுத்த ஓராண்டில் பெரிய கடன் எதற்காவது விண்ணப்பிக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

ஸ்கோர் ஏன் குறைகிறது?

சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இரண்டு கார்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கி தீர்ந்த கார்டின் லிமிட் 2 லட்சம். தினசரி செலவுக்கு வைத்திருக்கும் கார்டின் லிமிட் 1 லட்சம். மளிகை, பெட்ரோல், வாடகை எல்லாம் சேர்த்து இந்த இரண்டாவது கார்டில் மாதம் 40,000 ரூபாய் போகிறது. இரண்டும் இருக்கும்வரை, மொத்த லிமிட்டான 3 லட்சத்தில் அவர் பயன்படுத்துவது சுமார் 13 சதவீதம். முதல் கார்டை மூடிய மறுநாளே அது 40 சதவீதம். ஒரு ரூபாய்கூட கூடுதலாகச் செலவு செய்யவில்லை. ஆனால் கடன் தகவல் நிறுவனங்களின் கணக்கில் அவர் "கடனை அதிகம் நம்பி இருப்பவர்" ஆகிவிடுகிறார். 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

இன்னொன்று, கணக்கின் வயது. பத்து வருஷமாக ஒழுங்காகக் கட்டிவரும் கார்டு என்பது ஒருவரின் நாணயத்துக்கு நீண்ட சாட்சி. மூடினால் அந்த வரலாறு உடனே அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. மூடிய கணக்கும் பல ஆண்டுகள் ரிப்போர்ட்டில் இருக்கும். ஆனாலும் முதல் சம்பளத்தில் வாங்கிய பழைய கார்டையும் போன வருஷம் மாலில் யாரோ தலையில் கட்டிவிட்ட கார்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஒன்றை மூடித்தான் ஆக வேண்டும் என்றால் புதியதை மூடுவதே நல்லது.

எத்தனை புள்ளி குறையும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். பணத்தில் அது என்ன ஆகும் என்று மட்டும் கணக்குப் போடலாம். 300 முதல் 900 வரையிலான சிபில் ஸ்கோரைப் பார்த்துத்தான் பல வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியை முடிவு செய்கின்றன. 40 லட்சம் ரூபாய் கடன், 20 வருஷம். வட்டி 8.5 சதவீதத்துக்குப் பதில் 8.75 சதவீதம் ஆனால் இஎம்ஐ மாதம் சுமார் 635 ரூபாய் கூடும். மொத்தக் காலத்துக்கும் பார்த்தால் ஒன்றரை லட்சம். காளப்பட்டியிலோ வடவள்ளியிலோ ஃபிளாட் பார்த்துக்கொண்டிருப்பவர் கடன் கைக்கு வரும்வரை கார்டைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். விசைத்தறியோ, பம்ப் உதிரிபாக லேத் பட்டறையோ தனி உரிமையாளராக நடத்துபவர் தொழில்கடன் கேட்டால், வங்கி அவருடைய சொந்த ஸ்கோரையும் பார்க்கும்.

மூடுவதே சரி எப்போது?

ஸ்கோர் மட்டுமே வாழ்க்கை இல்லை. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 42 சதவீதம். அதில் இரண்டு வருஷம் மாட்டி, சீட்டை எடுத்தோ, மனைவியின் நகையை வைத்தோ வெளியே வந்தவருக்கு, கார்டு கையில் இருந்தால் மறுபடியும் தேய்த்துவிடுவோம் என்ற பயம் இருந்தால், அவர் தாராளமாக மூடலாம். குறைந்த ஸ்கோரைச் சில மாதங்களில் தேற்றிக்கொள்ளலாம்.

ஆண்டுக் கட்டணமும் ஒரு காரணம். 1,000 ரூபாய் கட்டணம் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,180 ஆகும். பயன்படுத்தாத கார்டுக்கு அதைக் கட்டுவது வீண். ஆனால் மூடுவதற்கு முன் ஒரு போன் செய்து, கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போகும் வாடிக்கையாளருக்கு வங்கிகள் இறங்கி வருவது உண்டு. ஆசைதான் பிரச்சினை என்றால் லிமிட்டைக் குறைக்கச் சொல்லலாம், ஆப்பிலேயே ஆன்லைன் பரிவர்த்தனையை ஆஃப் செய்து வைக்கலாம்.

"இப்ப மூடிட்டு, வேணும்னா திரும்ப வாங்கிக்கலாம்" என்பது எப்போதும் நடக்காது. 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கி புதிய கிரெடிட் கார்டு கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. 2021 ஆகஸ்டில்தான் அனுமதி திரும்பியது. கோட்டக் மஹிந்திரா வங்கிக்கு 2024 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை இதே நிலை.

சும்மா பீரோவில் போட்டு வைப்பதும் தீர்வு இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. வைத்துக்கொள்ள முடிவு செய்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு ரீசார்ஜாவது அதில் செய்து, உடனே கட்டிவிட வேண்டும்.

கத்தரிக்கோல் போதாது

கார்டை நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடியதாக ஆகாது. ஆண்டுக் கட்டணம் ஏறும், அதற்குத் தாமதக் கட்டணம் ஏறும், பாக்கி வராக்கடனாக ரிப்போர்ட்டில் உட்காரும். தொலைந்த 590 ரூபாய் பில்லுக்காக வீட்டுக்கடன் தள்ளிப்போகலாம்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் மிச்ச வட்டி. மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தவர் பில்லில் உள்ள தொகையை முழுசாகக் கட்டினாலும், பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில்தான் வரும். அதனால் இன்னொரு பில் வரட்டும். அதில் பூஜ்யம் என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். அதற்குள் ரிவார்டு பாயின்ட்டுகளை எடுத்துவிடலாம். ஓடிடி, இன்ஷூரன்ஸ் போன்ற ஆட்டோ டெபிட்டுகளையும் வேறு கணக்குக்கு மாற்றிவிடலாம்.

விண்ணப்பத்தை ஆப், இணையதளம், மின்னஞ்சல், ஹெல்ப்லைன் எதிலும் கொடுக்கலாம். "தபாலில் கடிதம் அனுப்புங்க" என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கூடுதலாகக் கட்டிய பணம் இருந்தால் அதுவும் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். விண்ணப்ப எண்ணையும், மூடியதாக வரும் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள். இதுதான் உங்களுடைய கிழித்த நோட்டு.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். அதில் "குளோஸ்டு" என்று இருந்தால் சரி. பேரம் பேசிக் குறைந்த தொகையில் முடித்தவர்களுக்கு "செட்டில்டு" என்று இருக்கும்; அடுத்து கடன் கொடுப்பவர் கண்ணில் அது 'முழுசாகக் கட்டவில்லை' என்றே படும். மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்கி, மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ரிப்போர்ட்டில் தவறு இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.