உஷார்! சிங்கத்துக்கு முன்னால் மஞ்சள் ஊசி

சித்தன்னவாசல் குடைவரைக்கு ஏறும் முன், தொல்லியல் துறையின் டிக்கெட் கட்டணப் பலகையை நின்று படித்திருக்கிறீர்களா? இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு. நாம் சில்லறையை நீட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவோம். கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பக வாசலிலும் இதே மாதிரிப் பலகைதான். அங்கே அந்தப் பல மடங்கு வரிசையில் நிற்கப்போவது நாம்.

எதற்கு இப்போது இந்தப் பேச்சு என்றால், அன்னவாசல், இலுப்பூர், புதுக்கோட்டை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பாத தெருவே குறைவு. அந்தப் பிள்ளைகள் சம்பாதித்து, அப்பா அம்மாவைக் காசிக்கும் மலேசியாவுக்கும் கூட்டிப்போய் முடித்தாயிற்று. அடுத்த ஆசை ஆப்பிரிக்கா. வாட்ஸ்அப்பில் சிங்கம் கொட்டாவி விடும் படத்தோடு ஒரு விளம்பரம் வருகிறது. ‘கோடை விடுமுறை ஸ்பெஷல், அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி.’ ஜிபே திறந்த நிலையில் கை நிற்கிறது. அந்தக் கையைத்தான் கொஞ்சம் பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன்.

முதல் ஆபத்து ஊசியில் இருக்கிறது. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளை மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ளவை என்று நம் அரசு பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்குள் வருகிறவர் கையில் செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கவனியுங்கள், இது திரும்பி வரும்போது இறங்கும் இடி. இந்தியா அபாயப் பட்டியலில் இல்லாத நாடு என்பதால், இங்கிருந்து நேராகப் போகிறவரை நைரோபியில் கேட்காமலே உள்ளே விட்டுவிடலாம். ‘அங்கேயே கேட்கலை, இங்கே யார் கேட்கப்போறா’ என்ற தைரியத்தோடு சென்னையிலோ மும்பையிலோ இறங்கினால், லக்கேஜ் பெல்ட்டுக்கு முன்னால் சுகாதார அதிகாரி உட்கார்ந்திருப்பார்.

அவர் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே குடியிருக்கிறது. டெங்குவைக் கொடுப்பதும் அதே கொசுதான். நோயோடு ஒருவர் உள்ளே வந்துவிட்டால் மிச்ச வேலையைக் கொசு பார்த்துக்கொள்ளும்.

ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட்டு, பாஸ்போர்ட் எண்ணோடு மஞ்சள் அட்டை தருவார்கள். கிண்டி கிங் நிலையம், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவை தமிழ்நாட்டில் இதற்குப் பழகிய இடங்கள். நினைத்த நாளில் போய் நிற்காமல், என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டு, முன்பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் உயிர் பெறும். வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் புதன்கிழமை ஊசி போட்டால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2016 ஜூலை முதல் இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். முன்பு பத்து வருஷம்தான்.

ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் ஊசி விஷயத்தில் மட்டுமல்ல, டூர் விஷயத்திலும் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பா அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆனது. அறுபது வயதைத் தாண்டி முதல்முறை போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அபூர்வம்தான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், புற்றுநோய்க்கோ மாற்று உறுப்புக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் எல்லோருமே டாக்டரிடம் கேட்காமல் நெருங்கக் கூடாது. சிங்கப்பூர்ப் பிள்ளை பெற்றோரின் வயதைப் பார்க்காமல் நான்கு டிக்கெட் போட்டுவிட்டு, ‘ஊசி மட்டும் போட்டுக்கங்கப்பா’ என்று போனில் சொல்வது அன்பு என்ற பெயரில் நடக்கும் அலட்சியம். மருத்துவ விலக்குக் கடிதம் வாங்கிக்கொண்டால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். கடிதத்தை ஏற்பதா வேண்டாமா என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முடிவு. அதை நம்பி விமானம் ஏறுவது சூதாட்டம். சிங்கப்பூரும் கென்யாவிலிருந்து வருபவரிடம் இதே சான்றிதழைக் கேட்கும் என்பதால், பிள்ளையும் தப்ப முடியாது.

பெரியவர்களைக் கூட்டிப்போயே ஆக வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை யோசியுங்கள். தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை. ஆனால் விமானம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். விலை குறைவு என்று நைரோபி வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ டிக்கெட் போட்டு, அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா அட்டை கேட்கும்.

அடுத்த கண்ணி காலண்டரில். நம் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே. கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். அதனால்தான் அந்த மாதங்களில் விலை சரிகிறது. ‘கோடை ஸ்பெஷல்’ என்ற பெயரில் நம் தலையில் கட்டப்படுவது அவர்களுடைய மழைக்காலம். மாராவில் பல இடங்கள் கரிசல் மண். மழையில் கரிசல் காடு என்ன ஆகும் என்று கோவில்பட்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மினி வேன் அச்சு வரை புதையும். புல் உயரமாக வளர்ந்து நிற்கும். படுத்திருக்கும் சிறுத்தை பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. ஏப்ரலில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பச்சைப் புல்வெளியும் கூட்டமில்லாத பாதையும் பிடித்தவர்கள் தெரிந்தே போகிறார்கள். ஆனால் விளம்பரத்தில் உள்ள படம், வில்டபீஸ்ட் என்ற மாடு மாதிரியான மான்கள் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டமாக முதலை நிறைந்த மாரா ஆற்றில் குதிக்கும் படம். அது பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் நடப்பது. ஏப்ரலில் அந்தக் கூட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் செரங்கெட்டியில் மேய்ந்துகொண்டிருக்கும். ‘ஆறு தாண்டுவதைக் காட்டுவோம்’ என்று எந்த ஏஜென்ட் ஏப்ரல் மாதத்துக்குச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஜூலைக்குச் சொன்னாலும் உறுதி தர அவரால் முடியாது. மாடு மனசு வைக்க வேண்டும். நம் பள்ளிக்கூடக் கணக்குக்குக் காலாண்டு விடுமுறைதான் மாராவுக்குப் பொருந்தும். மே மாதம்தான் முடியும் என்றால் மறுபடியும் குரூகர்தான். அங்கே அப்போது மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்கும்.

காசுக்கு வருவோம். வெளிநாட்டாருக்கு மாரா நுழைவுக் கட்டணம் 2024 முதல் இப்படி: ஜனவரி முதல் ஜூன் வரை பெரியவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். இது ஒரு தடவை கட்டினால் தீர்ந்துபோகும் கட்டணமில்லை, ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. கணவனும் மனைவியும் ஆகஸ்டில் மூன்று நாள் இருந்தால் வாசலுக்கு மட்டும் 1,200 டாலர், ரூபாயில் லட்சத்தைத் தாண்டும். டிக்கெட் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான். கிளம்பும் நாளில் காலை பத்து மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். பேக்கேஜ் சீட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘பார்க் கட்டணம் தனி’ என்று இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். மலிவுப் பேக்கேஜின் ரகசியம் பெரும்பாலும் அந்த மூன்று சொல்தான்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் டிசிஎஸ் வரி பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து சட்டம். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில், 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ‘கேஷா குடுத்துடுங்கண்ணே, டிசிஎஸ் மிச்சம்’ என்கிறவர் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரவில்லை. நாளைக்குப் புகார் கொடுக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் செய்கிறார். கென்யாவில் வண்டி ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்டுச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா, கேடோ எனப்படும் டூர் நடத்துநர் சங்கத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா இல்லை, அதற்குப் பதிலாக இடிஏ என்ற மின்னணு அனுமதி. விசா இல்லை என்பதை ‘ஒன்றுமே வேண்டாம்’ என்று புரிந்துகொண்டு விமான நிலையத்தில் விழித்தவர்கள் உண்டு. கைக்குழந்தைக்கும் தனி இடிஏ வேண்டும். அரசுக் கட்டணம் 30 டாலர் அளவில்தான். கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே கொடியும் சின்னமும் வைத்த தளங்கள் மேலே வந்து நிற்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பிடுங்கும். முகவரி ஜிஓ.கேஇ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைத் தட்டுங்கள்.

வரைபடத்தில் மாராவும் செரங்கெட்டியும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் அந்த மண்ணை மிதிக்காதவர்கள். 1977-ல் தான்சானியா எல்லையை மூடியதிலிருந்து இரண்டு காட்டுக்கும் இடையிலான அந்த வழியில் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. சுற்றிக்கொண்டு இசபேனியா வழியாகவோ நமங்கா வழியாகவோ போக வேண்டும், ஒரு பகல் முழுக்கத் தின்னும். தான்சானியாவுக்கு விசா தனி, 50 டாலர். கென்யாவிலிருந்து நுழைவதால் அங்கேயும் மஞ்சள் அட்டையைக் காட்டச் சொல்வார்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. புளியோதரை, முறுக்கு, பருப்புப்பொடி எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் கட்டுவது நம் வழக்கம். கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு 2017 ஆகஸ்ட் முதல் தடை. சட்டத்தில் நான்கு வருஷம் வரை சிறையும் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் ஆகாது. தான்சானியாவிலும் 2019 முதல் பைகளுக்குத் தடை. எவர்சில்வர் டப்பாவும் மஞ்சப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரோன் கேமராவை வீட்டிலேயே வையுங்கள், அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் பறிமுதல். சிறு விமானத்தில் மாராவுக்குப் பறப்பதாக இருந்தால் கைப்பை உட்பட 15 கிலோதான், அதுவும் துணிப் பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். டாலர் நோட்டு கசங்கியிருந்தாலோ 2006-க்கு முன் அச்சானதாக இருந்தாலோ பல இடங்களில் திருப்பித் தந்துவிடுவார்கள்.

விலங்கு அடித்துவிடுமோ என்ற பயம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. வண்டிக்குள் இருக்கும்வரை அந்தப் பயம் பெரும்பாலும் வீண். சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்துக்குள் நிற்கும் யானை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அசல் யானை அப்படி நிற்காது. 2025 ஜூலையில் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பூங்காவில் நடை சஃபாரி போன இரண்டு வெளிநாட்டுப் பெண்களைக் குட்டியோடு இருந்த பெண் யானை கொன்றது. துப்பாக்கியோடு வழிகாட்டிகள் கூடவே இருந்தும் தடுக்க முடியவில்லை. நடை சஃபாரி என்ற வரி உங்கள் திட்டத்தில் இருந்தால், முழங்கால் வலி உள்ளவர்களும் குழந்தைகளும் இருக்கும் குழுவுக்கு அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது ரோட்டுக்கு. அதற்கு முந்தைய மாதம், 2025 ஜூன் 9-ல், கத்தாரிலிருந்து சுற்றுலா போன இந்தியர் குழுவின் பஸ் கென்யாவின் நியாண்டருவா பகுதியில் கவிழ்ந்தது; ஐந்து இந்தியர்கள் இறந்தார்கள். நைரோபியிலிருந்து மாராவுக்கே ஐந்தாறு மணி நேரம் ஓட வேண்டும். ‘ஐந்து நாளில் நான்கு பூங்கா’ என்று ஒரு திட்டம் இருந்தால், அதில் காட்டைவிட ரோடுதான் அதிகம் பார்ப்பீர்கள், அதுவும் இருட்டில். இரவு ஓட்டம் கிடையாது என்று எழுத்தில் வாங்குங்கள். ஆள் ஒன்றுக்கு ஜன்னல் சீட்டும் சீட் பெல்ட்டும் உண்டா என்று கேளுங்கள். காப்பீட்டில், காட்டிலிருந்து நைரோபி ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் தூக்கிப்போகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். அங்கே ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957-லிருந்து இருக்கிறது, பணம் யார் கட்டுவது என்பதுதான் கேள்வி.

கொசுவைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் மலேரியாவை நாம் மதிப்பதில்லை. அங்கே பரவலாக உள்ளது ஃபால்சிபாரம் வகை, மூளை வரை ஏறிக் கொல்லக்கூடியது. தடுப்பு மாத்திரை கிளம்பும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஊர் வந்து சேர்ந்து, போட்டோவெல்லாம் காட்டி முடித்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், ஆப்பிரிக்கா போய்வந்ததை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அவராக டெங்கு, வைரஸ் காய்ச்சல் என்றுதான் யோசிப்பார்; நீங்கள் சொல்லாவிட்டால் ஆப்பிரிக்க மலேரியா அவர் நினைப்பில் வர வழியே இல்லை.