8 லட்சத்துக்குள் ஒரு சீறும் வண்டி

8 லட்சம் ரூபாயோடு ஷோரூமுக்குப் போனால் நல்ல கார் கிடைக்கும். மைலேஜ் கொடுக்கும், அம்மா அப்பா ஏறி இறங்க வசதியாக இருக்கும், டேஷ்போர்டில் அகலமான டச் ஸ்க்ரீன் மின்னும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஏதாவது நடந்தே ஆக வேண்டும் என்பவர்கள்தான் ராத்திரி 11 மணிக்கு மேல் செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைக் கடந்துவிடுவோம். வெளிநாட்டு யூடியூபர்கள் ‘பட்ஜெட் ஸ்போர்ட்ஸ் கார்’ என்று காட்டும் மாஸ்டா எம்.எக்ஸ்-5, டொயோட்டா 86 எல்லாம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததே இல்லை. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை என்று இங்கே வந்தவை பி.எம்.டபிள்யூ இசட்4, ஆடி டி.டி., மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. போன்றவை. அவற்றில் ஓட்டக்கூடிய நிலையில் இருப்பவை இந்த பட்ஜெட்டுக்கு இறங்கி வருவதில்லை. இறங்கி வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். நம் ஊரில் சம்பளக்காரரின் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பார்ப்பதற்கு சாதாரண ஹேட்ச்பேக். பானெட்டுக்கு உள்ளே டர்போ இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆசையும் இந்த விலையில் கண் சிமிட்டும். 12, 13 வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ். ஒரு புது ஸ்விஃப்ட் விலைக்கு ஜெர்மன் லோகோ! இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் ஹெட்லைட்டும் சஸ்பென்ஷன் ஆர்மும் இன்றைக்கும் அந்த லோகோவுக்கு உரிய விலையில்தான் விற்கின்றன. வாங்கும்போது தள்ளுபடி, பராமரிக்கும்போது முழு விலை. வீட்டில் இன்னொரு கார் இருந்து, இது நின்றாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

சரி, எதைத்தான் பார்ப்பது? பட்டியலின் தலையில் எப்போதும் ஃபோக்ஸ்வாகன் போலோ. அதிலும் இரண்டு ஜாதி உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. 2013-ல் வந்த ஜி.டி. டி.எஸ்.ஐ.-யில் 1.2 லிட்டர் டர்போ, 105 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர் டார்க். அதனுடன் 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ். 2020-ல் பி.எஸ்.6 விதிகளோடு வந்த போலோவில் 1.0 லிட்டர் டர்போ, 110 பி.எஸ்.; இதில் 6 ஸ்பீடு மேனுவலும் உண்டு, வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. 2022-ல் போலோ இந்தியாவிடம் விடைபெற்றது. பழைய ஜி.டி.யின் டி.எஸ்.ஜி. கியர் மாற்றும் வேகம் பிரமாதம்தான். ஆனால், அந்த டி.க்யூ.200 வகை கியர்பாக்ஸில் இருப்பது ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். வடபழனி சிக்னலில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து சூடாகிப் போவது அதன் ஜாதகம். அதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு லட்சக்கணக்கில் பேசும். என்னைக் கேட்டால், பட்ஜெட்டின் மேல் விளிம்பைத் தொட்டாலும் 1.0 மேனுவல்தான்.

மாருதி பெலினோ ஆர்.எஸ்.-ஐப் பலர் மறந்தே போய்விட்டார்கள். 2017-ல் வந்து 2020-ல் நின்றது. 1.0 பூஸ்டர்ஜெட், 102 பி.எஸ்., நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பார்வைக்குப் பக்கத்து வீட்டு பெலினோ மாதிரியே இருப்பதால் மவுசு கொஞ்சம் குறைவு. வாங்குபவருக்கு அது லாபம். ஒரு எச்சரிக்கை: பிரேக்குக்கு உதவும் வாக்யூம் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று 2023-ல் மாருதி 7,213 பெலினோ ஆர்.எஸ். கார்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டி அந்த வேலையை முடித்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

டியாகோ ஜே.டி.பி. நம் மண்ணின் கார் என்றே சொல்லலாம். பெயரில் உள்ள ‘ஜே’, கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். டாடாவும் அவர்களும் கைகோத்து 2018-ல் கொண்டு வந்தார்கள். 1.2 லிட்டர் டர்போ, 114 பி.எஸ்., அன்றைய ஆரம்ப விலை 6.39 லட்சம். கார் பந்தய வீரர்கள் கரிவரதனும் நரேன் கார்த்திகேயனும் வந்த ஊருக்கு இப்படி ஒரு காரைச் செய்ய வராதா என்ன! இன்ஜின் நெக்ஸானின் உறவுக்காரர் என்பதால் பயமில்லை, ஆனால், ஜே.டி.பி.க்கு மட்டுமேயான பம்பர், பானெட் போன்றவை அடிபட்டால் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அழகு என்று வந்தால் ஃபியட் அபார்த் புன்டோ. முதல் கோல்ஃபை வரைந்த ஜியார்ஜெட்டோ ஜூஜாரோவின் கைவண்ணம். நம் ஊர் டேவூ மாட்டிஸும் அவர் வரைந்ததுதான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 145 பி.எஸ்., 10 லட்சத்துக்கும் கீழே 2015-ல் அப்படியொரு கார் வேறு யாரும் விற்கவில்லை. இப்போது ஃபியட்டே இங்கே இல்லை. ஃபியட்டைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்தவர் வண்டியை ரசியுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 120 பி.எஸ்.; 2021-ல்தான் வந்தது என்பதால் 8 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டச் சொல்லும். பழைய ஹோண்டா சிட்டி வி-டெக், திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி சீடியா எல்லாம் காதல் சமாச்சாரம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. ரெனியூவல் வேறு. நம்பகமாக தினமும் ஓட்ட நினைப்பவருக்கு வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், எந்த மாடல் என்பது பாதிக் கேள்விதான். ஆல்ட்டோவை வாங்கியவர் ஆல்ட்டோவாக ஓட்டியிருப்பார். டர்போ வண்டியை வாங்கியவர் அதை ஏன் வாங்கினார் என்று யோசியுங்கள். நீங்கள் எதற்காக வாங்கப் போகிறீர்களோ அதற்காகத்தான். இந்த வண்டிகளுக்கே உரிய ஒரு கடந்த காலம் உண்டு: ரீமேப். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு. மென்பொருளை மாற்றி எழுதி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். லேப்டாப்பில் சிறிது நேர வேலை. விற்கும்போது பழையபடி மாற்றி ‘ஸ்டாக் கண்டிஷன்’ என்று விளம்பரம் போடுவார்கள். மென்பொருள் பழைய நிலைக்குத் திரும்பும். கிளட்ச் திரும்பாது. டி.க்யூ.200 கியர்பாக்ஸ் தாங்கும் உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்த டர்போ அந்த எல்லையை நோக்கித்தான் ஓடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கோவையில் ஒரு மெக்கானிக் போலோ ஜி.டி. ஒன்றைப் பார்த்த விதத்தை அருகில் நின்று கவனித்தேன். காலை 7 மணி. விற்பவர் ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளைஞர். மெக்கானிக் பேச்சே கொடுக்காமல் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“தம்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணினீங்களா?”

“சும்மா ரெண்டு நிமிஷம்ணா. பேட்டரிக்காக.”

“சரிங்க. நாளைக்கு வர்றோம். அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க.”

மறுநாள் இன்ஜின் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு அவர் சைலன்ஸருக்குப் பின்னால் நின்றார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் அடங்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. இரண்டும் இல்லை. பிறகு ஏர் ஃபில்டர் பாக்ஸ். டார்ச் அடித்து, ஸ்க்ரூக்களின் தலையை மட்டும் பார்த்தார். சர்வீஸ் சென்டரில் சில தடவை திறந்ததற்கும், ஃபில்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததற்கும் தேய்மானத்தில் வித்தியாசம் தெரியுமாம். எக்ஸாஸ்ட் முழுக்கத் துருப்பழுப்பு. நடுவில் ஒரு கிளாம்ப் மட்டும் பளபள. முன் டயர்களின் உள் விளிம்பு வெளி விளிம்பைவிட அதிகம் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங்கைத் தாழ்த்திய வண்டியில் வரும் தேய்மானம் அது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“ரீமேப் ஸ்டேஜ் ஒண்ணா, ரெண்டா தம்பி?”

“ஒண்ணுதாண்ணா... எல்லாத்தையும் ஸ்டாக்குக்கு மாத்திட்டேன்.”

அந்த வண்டியை வாங்கவில்லை. அந்தத் தம்பி மோசமானவர் என்பதால் இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசியிருக்கலாம். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் ரீமேப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. ரீமேப் செய்த இ.சி.யு.வைக் கம்பெனி சர்வீஸில் கண்டுபிடித்தால் அந்த சேசிஸ் நம்பரில் ‘டி.டி.1’ என்ற குறி விழும். பிற்பாடு மென்பொருளை மாற்றினாலும் குறி பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இனி ஓட்டிப் பார்ப்பது. கன்சல்டிங்காரர் காட்டும் காலியான பைபாஸில் எல்லா வண்டியும் பறக்கும். டி.எஸ்.ஜி. என்றால் நெரிசலில் அரை மணி நேரம் ஊர விடுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் ரேம்ப்பில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். உதறல் இருந்தால் அங்கே தெரியும். மேனுவல் என்றால் மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர். ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. பின்னால் யாரும் வராதபோது 80-லிருந்து அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி, பழைய எரர் கோடுகள் நேற்றுத்தான் அழிக்கப்பட்டனவா என்றும் பார்க்கலாம். சுயபரிசோதனைகள் எதுவும் முடியாத நிலையில் இருந்தால் யாரோ சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பாடியில் மேட் பிளாக் ராப் ஒட்டிய வண்டி என்றால் எனக்கு உடனே சந்தேகம். அடியில் என்ன பெயின்ட், எவ்வளவு பட்டி என்று தெரியாது. கதவு, ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, பானெட்டுக்குள் இருக்கும் பக்கத் தகடான ஏப்ரனில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசை குலையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பம்பர் மாற்றியது பரவாயில்லை. ஏப்ரனில் டிங்கரிங் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வாஷிங்கில் எல்லாம் கழுவப்பட்டிருக்கும், பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருந்தால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

மீட்டரை நம்பாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது போன வருட இன்ஷூரன்ஸ் பாலிசியை. க்ளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் தொடர்ந்தால் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவிகிதம் வரை ஏறும். ஆறு வருட வண்டியின் பாலிசியில் அது 20 என்று இருந்தால், சமீபத்தில் ஒரு க்ளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ‘எதற்கு சார்?’ என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலில் நிறைய தெரிந்துவிடும். அந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்பவர் தன்னோடு கொண்டுபோய்விடுவார். உங்கள் பிரீமியத்தை அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

டெல்லிப் பதிவு வண்டிகள் மலிவாக வரும். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று வரம்பு விதித்ததிலிருந்து தெற்கே இறங்கும் வண்டிகள் அதிகம். என்.ஓ.சி., இங்கே மறுபடி கட்டும் லைஃப் டாக்ஸ், அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு கரைந்துவிடும். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. (கடன் பதிவு) ரத்தாகியிருக்க வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அலறும் சைலன்ஸரோடு வண்டியைத் தருகிறார் என்றால் ஒரிஜினலையும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது; 2019-ல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது.

8 லட்சம் இருந்தால் ஆறரைக்கு மேல் பேசாதீர்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் முதல் மாதத்திலேயே வேலைக்கு வரும். அதில் முதல் செலவு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டு நல்ல டயராக நான்கையும் மாற்றுங்கள். பிறகு பிரேக் ஆயில், கூலன்ட், இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக். சஸ்பென்ஷன் புஷ்கள் பெரும்பாலும் ஒரு செட் கேட்கும். பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால் என்பதால், 2023-க்கு முந்தைய வண்டிகளில் எரிபொருள் ஹோஸ்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் ஆசையெல்லாம் தீபாவளி போனஸ் வரும்வரை காத்திருக்கட்டும்.