கறுத்தது கறிவேப்பிலை... காரணம் தென்னை!

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி பக்கம் பல வீட்டுக் கொல்லையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பச்சைப் பசேலென்று இருந்த கறிவேப்பிலை மரத்தில் திடீரென்று கரி பூசியதுபோல ஒரு படலம். பக்கத்தில் இருக்கும் துளசியிலும் அதே கறுப்பு. "செடிக்கு ஏதோ நோய் வந்துடுச்சு" என்று உரக்கடைக்கு ஓடி, கிடைத்த மருந்தை வாங்கி வந்து அடிப்பார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே கறுப்பு!

இந்த மாதிரி நேரத்தில் மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பூச்சி எதுவும் இல்லையா? அப்படியானால் அண்ணாந்து பாருங்கள். மேலே தென்னை ஓலையின் அடியில் வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல இருந்தால், குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. அதன் பெயர் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ.

2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்த ஈ தென்பட்டது. ஓலையின் சாற்றை உறிஞ்சிவிட்டு, தேன் போன்ற பிசுபிசுப்பைக் கீழே சொட்டும். அந்த இனிப்பின்மேல் வளரும் பூசணம்தான் நாம் பார்க்கும் கறுப்பு. கறிவேப்பிலைக்கு என்ன மருந்து அடித்தாலும் அது போகாது. (கொய்யா, வாழையில் இந்த ஈ நேரடியாகவும் குடியேறும். அதனால்தான் முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.)

தென்னைக்கும் விஷ மருந்து வேண்டாம் என்பதுதான் வேளாண் விஞ்ஞானிகளின் அறிவுரை. இந்த ஈயை அழிக்கும் 'என்கார்சியா' என்ற மிகச்சிறிய குளவி நம் தோப்புகளிலேயே இருக்கிறது. மருந்து அடித்தால் ஈயோடு சேர்ந்து அதுவும் செத்துவிடும். ஓலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுவது ஆகியவை பலன் தரும். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரும்படலம் உரிந்து விழும்.

ஊர்ப் பெயரைச் சுமக்கும் நோய்

வெள்ளை ஈக்கு மேலே பார்க்க வேண்டும். இன்னொரு நோய்க்கோ கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

1952-ல் ஒரு பெரும் புயல் டெல்டாவைத் தாக்கியது. அதன் பிறகு தஞ்சை மாவட்டத்தில் தென்னை மரங்கள் வாட ஆரம்பித்தன. 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மண்ணில் வாழும் கேனோடெர்மா என்ற பூசணம்தான் காரணம். 10 முதல் 30 வயதுக்குள் இருக்கும் மரங்களை இது அதிகம் தாக்கும்.

வெளிச்சுற்று மட்டைகள் பழுத்துத் தொங்கும். பார்த்தவுடன் "தண்ணி பத்தல போல" என்றுதான் தோன்றும். ஆனால், அதற்குள் மண்ணுக்கடியில் வேர்கள் அழுகத் தொடங்கியிருக்கும். மரத்தின் தூரைப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து வழிந்திருந்தால் அதுதான் அடையாளம். மழைக்காலத்தில் தூரில் அரைத்தட்டு வடிவத்தில் கெட்டியான காளான் முளைப்பதும் உண்டு.

இந்த மரத்துக்கு வாய்க்கால் வழியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால், அந்தத் தண்ணீரே நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். நல்லது செய்வதாக நினைத்து ஒரு மரத்தின் நோயைத் தோப்பு முழுக்கப் பரப்பிவிடுவோம்! நோய் வந்த மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் குழி வெட்டிப் பிரிப்பது, ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி வட்டப்பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது, மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைப்பது ஆகியவை முதல் கட்ட வேலைகள். அடுத்த சிகிச்சைக்கு, பட்டுக்கோட்டை அருகே வேப்பங்குளத்தில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல், இந்தப் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நட்ட கன்றுகள் பல இப்போதுதான் காய்ப்புக்கு வருகின்றன. பிள்ளையைப்போல வளர்த்த மரத்தைத் தவறான வைத்தியத்தால் இழப்பது பெரிய கொடுமை.

தொட்டிச் செடிக்கும் இதே பாடம்தான்

செடி தவிக்கும் இடம் ஒன்று, அதன் காரணம் இருக்கும் இடம் வேறொன்று. மாடித் தோட்டத்திலும் இப்படித்தான்.

*செடி வாடுகிறதா?* விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வயல் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் இந்தத் தொல்லை அதிகம். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

*இலை மஞ்சளாகிறதா?* அடி இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை.

*மிளகாய் இலை சுருள்கிறதா?* ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று பொதுவாகச் சொல்லலாம்.

*செம்பருத்தியில் எறும்பு ஏறுகிறதா?* எறும்பைத் துரத்தினால் போதாது. கொழுந்தில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியின் இனிப்புக்காகத்தான் அது வருகிறது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

*எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் கெடுகின்றனவா?* பலவகைச் செடிகள் சேர்ந்து வாடினால் தண்ணீரிலோ மண்ணிலோ கோளாறு இருக்கலாம். ஒரே வகைச் செடி மட்டும் வாடினால் பூச்சியோ நோயோ வந்திருக்கலாம்.

நான்கு போட்டோ போதும்

யாரிடமாவது யோசனை கேட்பதாக இருந்தால் வாடிய இலையை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடம் என நான்கு படங்கள் எடுங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள், என்ன உரம் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விவசாயிகளுக்கான இலவச அழைப்பு மையத்தை 1800 180 1551 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

செடியால் "இங்கே வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. அதனால் நாம்தான் இலையைத் திருப்பி, தூரைக் குனிந்து, மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம், பத்து வருஷ மரத்தைக் காப்பாற்றலாம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தையும் சேர்த்துத்தான்!