குளியலறைப் புதுப்பிப்பு: எது முதலில், எது கடைசியில்?

வீட்டிலேயே மிகச் சிறிய அறை குளியலறைதான். ஆனால் புதுப்பிக்கும்போது அதிகம் தலைவலி தருவதும் அதுவே. வரவேற்பறையில் சாயம் சரியில்லை என்றால் மறுபடியும் பூசிக்கொள்ளலாம். குளியலறையில் ஒரு வேலையை முன்பின்னாகச் செய்துவிட்டால், புதிதாகப் பதித்த டைல்களை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அந்தத் தவறு நம்மோடு நிற்பதில்லை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரியும். வீவக வீடுகளில் இத்தகைய கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து ஏற்கவேண்டிய பொறுப்பு.

செலவைக் குறைக்க, திட்டமிடுவதையும் பொருள் வாங்குவதையும் சில வேலைகளையும் தாங்களே செய்ய இன்று பல இளம் தம்பதியர் விரும்புகின்றனர். அதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது வேலைகளின் வரிசை.

அனுமதி முதலில்

பழைய டைல்களை அகற்றிப் புதியவற்றைப் பதிக்க வீவக அனுமதி தேவை. கழகத்தின் பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளர்தான் அந்த வேலையைச் செய்யலாம். புதிய பிடிஓ வீடு என்றால், முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர், தரை டைல்களை உடைக்க முடியாது.

1997ஆம் ஆண்டுக்குள் கட்டப்பட்ட புளோக்கில் வசிப்போர் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். இல்ல மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்கிற்கு இனிமேல்தான் வரப்போகிறதா? அதில் குளியலறை மேம்பாடும் ஓர் அம்சம். குடிமக்களுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. சில மாதம் பொறுத்தால் பல ஆயிரம் வெள்ளி மிஞ்சலாம்.

நம் கையால் செய்யக்கூடியவை

கண்ணாடி, அலமாரி, துண்டுக் கம்பி போன்றவற்றைக் கழற்றுவது, கூரைக்குச் சாயம் பூசுவது, ஷவர் குழலை மாற்றுவது, ஓரங்களுக்குச் சிலிக்கான் இடுவது ஆகியவற்றை நாமே செய்யலாம். சுவருக்குள் போகும் குழாய்களை மாற்றியமைப்பதை உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடமும், வாட்டர் ஹீட்டருக்கான மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமும் விட்டுவிடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேரும் இடத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பொருள் வந்த பிறகே உடைப்பு

டைல், கழிவறை இருக்கை, கைகழுவும் தொட்டி, ஷவர் எல்லாம் கைக்கு வந்த பிறகு உடைக்கத் தொடங்குங்கள். புதிய ஷவரின் அளவு தெரியாமல் சுவருக்குள் குழாயை எந்த உயரத்தில் வைப்பது? சுவரிலிருந்து கழிவுக்குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்காமல் இருக்கை வாங்கினால், அது பொருந்தாமல் போகலாம்.

டைலைத் தேவையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள். பெட்டிகளில் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வடிவமைப்பானாலும் தொகுதி மாறினால் நிறம் சற்று மாறும்.

வேலை வரிசை

1. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் பழைய பொருள்களைக் கழற்றுவது. தரை வடிகாலை இறுக அடைத்துவிட வேண்டும். கல்லும் சிமெண்டும் உள்ளே போனால் அடைப்பை எடுப்பது பெரும்பாடு.

2. டைல்களை உடைப்பது. இத்தகைய இரைச்சலான வேலைகளுக்கு வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதி. அக்கம்பக்கத்தாருக்கு, குறிப்பாகக் கீழ்வீட்டாருக்கு, முன்கூட்டியே தேதியைச் சொல்லிவிடுங்கள்.

3. குழாய், மின்கம்பி வேலை. சுவரை மூடுமுன் தண்ணீரைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு நாடாவைச் சுவரில் வைத்துக் குழாய் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அலமாரி மாட்டத் துளையிடும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

4. தரைக்குச் சிமெண்டுக் கலவை இட்டுச் சரிவு அமைப்பது. ஒரு மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டர் அளவுக்காவது வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும்.

5. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. ஒன்று காய்ந்த பிறகு மற்றொன்றாக இரண்டு பூச்சு. தரையோடு நிறுத்தாமல் சுவரின் அடிப்பகுதியிலும் ஏற்றிப் பூச வேண்டும். நன்கு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும்.

6. டைல் பதிப்பது. பசை இறுக ஒரு நாளாவது விட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புவது.

7. கூரைச் சாயம், கதவு, இருக்கை, தொட்டி, ஹீட்டர். எல்லாவற்றுக்கும் கடைசியில் சிலிக்கான். அதன்பின் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது.

அவசரப்படக்கூடாத இடம்

இந்த ஏழில் ஐந்தாவதுதான் உயிர்நாடி. அந்த நாள்களில் வேலை எதுவும் நடக்காததுபோல் தோன்றும். “நாளைக்கே டைல் ஒட்டிவிடலாமே” என்று வேலையாள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் தேக்கிய மறுநாள் கீழ்வீட்டாரிடம் கேட்டு, அவர்களின் குளியலறைக் கூரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அன்று ஈரம் தெரிந்தால் மறுபூச்சோடு முடியும். டைல் பதித்த பிறகு தெரிந்தால் வேலை மறுபடியும் முதலிலிருந்து.

பூச்சு போட்ட பிறகு தரையில் துளையிடவும் கூடாது. கதவுத் தடுப்பான் வேண்டுமென்றால் ஒட்டும் வகையை வாங்குங்கள்.

மூத்தோர் இருந்தால்

கைப்பிடிகள் எங்கே வரும் என்பதை டைல் பதிக்கும் முன்பே முடிவுசெய்து, அந்த இடத்தில் குழாயோ கம்பியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பான தரை டைல் கடையில் அழகாக இருக்கும், ஈரத்தில் வழுக்கும். தாத்தா பாட்டிக்காக மட்டும் மாற்றம் தேவையென்றால், வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் கைப்பிடி, வழுக்கல் தடுப்புப் பூச்சு ஆகியவற்றைச் சலுகைக் கட்டணத்தில் பெறலாம்.

இரண்டு குளியலறைகளையும் சேர்த்துச் செய்தால் கூலி குறையலாம். ஆனால் அத்தனை நாளும் குடும்பம் எங்கே குளிப்பது? வேறு வீட்டில் தங்க வசதியில்லாதவர்களுக்கு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதே நிம்மதி.

தீபாவளிக்குள் முடிக்க நினைப்போர் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பண்டிகைக்கு முதல் நாள் இரைச்சலான வேலை செய்ய முடியாது. சனி, ஞாயிறும் கணக்கில் சேராது. காயவிடும் நாள்களையும் சேர்த்துக் கூட்டினால், எப்போது தொடங்குவது என்பதை நாள்காட்டியே சொல்லிவிடும்.