போர் வண்டியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, நாலு கம்பி நட்டுப் பாருங்க!

நெய்வேலியோட கதையே தண்ணிக்காகத் தோண்டினதுலதான் ஆரம்பிச்சது, தெரியுமா? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்ட, கறுப்பா ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் என்.எல்.சி பிறந்தது.

இதுல வேடிக்கை என்னன்னா, அங்கே சுரங்கத்துக்குத் தலைவலியே தண்ணி அதிகமா இருக்கிறதுதான். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் மணல் அடுக்கிலிருந்து, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் நீர் மேலே முட்டிக்கிட்டு நிற்கும். ராத்திரி பகலா பம்ப் போட்டு இறைச்சாதான் நிலக்கரியையே வெட்ட முடியும். இதனால எங்க கிணறெல்லாம் வத்துதுன்னு சுத்துவட்டார கிராமங்கள் சொல்றது தனிக்கதை.

அங்கிருந்து விருத்தாசலம் தாண்டி மங்களூர், நல்லூர் பக்கம் போங்க. அதே கடலூர் மாவட்டம்தான். ஆனா, கீழே மணல் இல்லை, பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இந்தக் கடினப்பாறைதான். மணல், ஸ்பான்ஜ் மாதிரி தண்ணியைப் பிடிச்சு வைக்கும். பாறையில் விரிசல் இருந்தால்தான் தண்ணி. நீங்க போடுற ஆறரை இன்ச் துளை அந்த விரிசலைத் தொடணும். பக்கத்துக் காட்டுல 200 அடியில் தண்ணி பீறிடும். உங்க இடத்துல 600 அடி போனாலும் வெறும் புகைதான் பறக்கும். லட்சக்கணக்குல கடன் வாங்கிப் போர் போட்ட விவசாயிக்கு, அந்தப் புகையைப் பார்க்கிறப்ப எப்படி இருக்கும்னு யோசிங்க.

உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நிற்குதான்னு பார்க்கிறவங்க இன்னமும் இருக்காங்க. அதைவிட நம்பகமானது, மின்தடை ஆய்வு. தரையில் ஒரே கோட்டில் நாலு கம்பி நடுவாங்க. வெளியே இருக்கும் ரெண்டு கம்பி வழியா மின்சாரம் பாயும். உள்ளே இருக்கும் ரெண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நடும்போது, மின்சாரம் இன்னும் ஆழமா இறங்கும். இந்த முறைக்குப் பெயர் தந்த ஷ்லம்பர்ஜர், 1912-லேயே பிரான்ஸில் இப்படித் தரைக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தவர். அவர் தேடினது தண்ணியை இல்லை, உலோகத் தாதுவை!

காய்ந்த பாறை மின்சாரத்தை லேசில் விடாது. ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர் காட்டும். தண்ணி நிரம்பின விரிசல் பாறை சில நூறுதான் காட்டும். அப்போ, அளவு குறைஞ்சா தண்ணின்னு முடிவு பண்ணிடலாமா? அங்கேதான் பலர் ஏமாறுறாங்க. களிமண்ணும் குறைவா காட்டும், உப்புத்தண்ணியும் குறைவா காட்டும். கடலூர் கடற்கரையில் கிடைக்கிற அதே எண், மங்களூர் பாறையில் கிடைச்சா அர்த்தமே வேற. அந்த மண்ணோட நிலவியல் தெரிஞ்சவர்தான் கிராஃபைப் படிக்கணும். அப்பவும் 500 அடிக்குக் கீழே இருக்கும் மெல்லிய விரிசலை மேலே நின்னு பிடிக்கிறது ரொம்ப கஷ்டம். இது வாய்ப்பைக் கூட்டும்; உத்தரவாதம் தராது.

இன்னொண்ணு, 300 அடி ஆழம் பார்க்கணும்னா, அதைப்போல ரெண்டு மூணு மடங்கு நீளத்துக்கு ஒயரை இழுக்கணும். கம்பி வேலி, இரும்புக் குழாய், மின்கம்பி பக்கத்தில் இருந்தா கணக்கு தப்பும். மூணு சென்ட் மனையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நடந்துட்டு, 'இங்கே போடுங்க'ன்னு ஒருத்தர் சொன்னா, ஒயர் எங்கேன்னு கேளுங்க. விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறையே கட்டணம் வாங்கிக்கிட்டு இந்த ஆய்வைச் செய்து தருது.

எல்லாம் பார்த்தும் புகைதான் வந்ததுன்னா? கேஸிங் பைப்பை உருவிக்கிட்டு அப்படியே கிளம்பிடாதீங்க. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்தது. மீட்கறதுக்குப் பக்கத்தில் குழி தோண்டினப்போ, அந்தக் கடினப்பாறைதான் குறுக்கே நின்னது. குழந்தையை உயிரோட மீட்க முடியலை. பயன்படாத துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், ஜல்லி போட்டு நிரப்பணும்கிறது 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதி. அதைக் கண்ணால் பார்த்த பிறகு, போர் வண்டிக்காரருக்கு மிச்சப் பணத்தைக் கொடுங்க.