வீட்டுக்குள் பூட்டிய ரகசியம் நாவலான கதை தெரியுமா?

நாவல் முழுக்க ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சுதான். சகோதரர்கள் மூவரும் அவளை நினைத்தே ஏங்குகிறார்கள், புலம்புகிறார்கள், ஏசுகிறார்கள். ஆனால் அவள் வாயால் சொல்ல ஒரு பகுதிகூடக் கிடையாது! 1929இல் வில்லியம் ஃபாக்னர் எழுதிய ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ அது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் நொடித்துப்போன காம்ப்சன் குடும்பம். அந்தப் பெண், இந்த வீட்டு மகள் கேடியைக் கணவன் தள்ளிவைக்க, பிறந்த வீடும் கதவைச் சாத்திவிடுகிறது.

முதல் பகுதி யார் பார்வையில் வருகிறது தெரியுமா? தம்பி பெஞ்சி. வயது 33, மனசு மட்டும் சின்னக் குழந்தையுடையது. அண்ணனை ஹார்வர்டில் படிக்கவைக்க விற்ற மேய்ச்சல் நிலம் இப்போது கோல்ஃப் மைதானம். ஆடுகிறவர்கள் மட்டைப்பை சுமக்கும் பையனை ‘கேடி’ என்று கூப்பிடும்போதெல்லாம் வேலியோரம் நிற்கும் பெஞ்சி அழுகிறான். அவன் காதில் விழுவது அக்கா பெயர்! ஏன் அழுகிறான் என்று ஃபாக்னர் அங்கே ஒரு வரி விளக்குவதில்லை. நமக்குத் தானாகவே உறைக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

குவென்டின் என்ற பெயர் இருவருக்கு: ஒருவன் அண்ணன், இன்னொருத்தி கேடியின் மகள். இங்கே குழம்பாதவர் அபூர்வம். பெஞ்சியின் பகுதியில் காலம் முன்னும் பின்னும் தாவுவதைக் காட்டப் பல வண்ண மையில் அச்சிட ஃபாக்னர் ஆசைப்பட்டார், அன்று முடியவில்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 2012இல், லண்டனின் ஃபோலியோ சொசைட்டி 14 வண்ணங்களில் அதை அச்சிட்டே விட்டது!

1847இல் வந்த ‘ஜேன் ஐர்’ நாவலில் மாடியறையில் கணவன் பூட்டிவைத்த பெர்த்தாவும் கேடியைப்போலத்தான், தன் கதையைத் தன் வாயால் சொல்வதில்லை. 119 வருஷம் கழித்து அவளைப் பேசவைத்தவர் கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ். அந்த நாவல் ‘வைட் சர்காசோ சீ’ 1966இல் வெளியானபோது அவருக்கு வயது 76. அதற்குமுன் ஆள் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்றே தெரியாமல் ஒரு நடிகை பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடியிருக்கிறார்!

அதே 1966இல் தமிழுக்கு எது கிடைத்தது தெரியுமா? தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. தன் பாவத்துக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள் அலங்காரம். படிப்பு முடிந்து திரும்பும் அப்புவுக்குத்தான் அம்மாவின் அந்த ரகசியம் புதிது. அப்பாவுக்கு எப்போதோ தெரியும்! தெரிந்தும் பேசாத அந்த மனிதரைப் படைத்ததுதான் நாவலின் உச்சம் என்பேன். அலங்காரமோ கேடியைப்போல, பெர்த்தாவைப்போல வாயடைத்து நிற்பவள் அல்ல. மகன் முகத்துக்கு நேராகவே பேசுகிறாள்.

இன்னும் படிக்காதவர்கள் ‘அம்மா வந்தாளி’ல் தொடங்குங்கள். ஃபாக்னரை எடுத்தால், பெஞ்சியின் பகுதி புரியவில்லையென்று மூடிவிடாதீர்கள். கடைசிவரை போய்விட்டு, அதை மட்டும் மறுபடி படியுங்கள்.